மூணு அடி மண்

சித்திரை பாதி கழிந்திருந்தது. திருவேட்டக்குடியில் கோயிலைத் தாண்டிக் கடல் பக்கம் போகிற வழியில் இருக்கும் அந்த வயல், உளுந்து எடுத்த பிறகு வெறுமனே கிடந்தது. களிமண் வயல். வெயிலில் பாளம் பாளமாக வெடித்து, சில வெடிப்புகளில் கையை விட்டால் முழங்கை வரை உள்ளே போகும். எக்ஸ்எல் வண்டியை வரப்போரம் நிறுத்திவிட்டு இறங்கி வந்தவர், ஒரு பாளத்தைக் காலால் புரட்டினார். குனிந்து ஒரு கட்டியை எடுத்து உடைத்துப் பார்த்தார். முகத்தில் திருப்தி.

"நல்ல களி, பெரியம்மா. சூளைக்கு இதவிட நல்ல மண்ணு கெடைக்காது. மூணு அடி எடுத்துக்குறோம். நெலம் உங்களுதுதான், பட்டா உங்க பேர்லதான். மண்ண மட்டும்தான் கேக்குறேன்."

பெரியம்மா உடனே எதுவும் சொல்லவில்லை. "வீட்ல கலந்துக்கிட்டு சொல்றேன் தம்பி" என்றார். அவர் ஒரு தொகையைச் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

பெரியம்மாவுக்கு வயது 68. தெருவில் சின்னவர்கள் எல்லோருக்கும் அவர் பெரியம்மாதான். கணவர் இறந்து ஒன்பது வருஷமாகிறது. அவர் விட்டுப் போனவை ஓர் ஓட்டு வீடும் இந்த ஒரு மா நிலமும். நூறு குழி ஒரு மா, மூன்று மா ஓர் ஏக்கர் என்பது டெல்டாக் கணக்கு. அப்படிப் பார்த்தால் 33 சென்ட். இதை வைத்துக்கொண்டு யாரும் பணக்காரர் ஆகிவிட முடியாது. வருஷத்துக்கு ஒரு சம்பா, அறுவடைக்குப் பிறகு நிற்கிற ஈரத்தில் கொஞ்சம் உளுந்து. சோற்றுக்கு அரிசியும் இட்லிக்கு உளுந்தும் கடையில் வாங்குவதில்லை, அவ்வளவுதான் அந்த வீட்டின் பெருமை.

மகனுக்குக் காரைக்காலில் ஒரு ஹார்டுவேர் கடையில் வேலை. பேத்தி அப்போதுதான் பிளஸ் டூ எழுதிவிட்டு, நர்சிங் சேர வேண்டும் என்று காத்திருந்தாள். தரகர் சொன்ன தொகை, முதல் வருஷ ஃபீஸுக்கும் ஹாஸ்டலுக்கும் அளந்து வெட்டியது போல இருந்தது. அதுதான் சங்கடமே. கூடவோ குறையவோ இருந்திருந்தால் மறுப்பது சுலபமாக இருந்திருக்கும்.

"மண்ணுதானம்மா" என்றான் மகன், ராத்திரி சாப்பிடும்போது. "பள்ளமா இருந்தா தண்ணி நல்லா நிக்கும், நெல்லு இன்னும் நல்லா வரும்னு சொல்றாங்க."

அவன் பேராசைக்காரன் இல்லை. காலையிலிருந்து இரவு வரை கடையில் நின்று, சிமென்ட் மூட்டைக்கும் பெயின்ட் டப்பாவுக்கும் பில் போடுகிறவன். மகளை எப்படியாவது படிக்க வைத்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு வேறு எண்ணமில்லை. மருமகள் நடுவில் ஒரு வார்த்தைதான் பேசினாள். "அத்தை என்ன நெனக்கிறாங்களோ, அப்படியே செய்யலாம்." சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றினாள்.

பட்டாவில் ஆழம் இல்லை

கணக்கைப் போட்டது பேத்திதான், கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில். ஒரு மா என்பது 14,520 சதுர அடி. மூன்று அடி ஆழம் என்றால் 43,560 கன அடி. லாரிக்காரர்கள் 100 கன அடியை ஒரு யூனிட் என்பார்கள். ஆக 435 யூனிட்டுக்குச் சற்று மேல். மூன்று யூனிட் பிடிக்கிற டிப்பரில் அள்ளினால்...

"ஆயா, நூத்தி நாப்பத்தஞ்சு லாரி!"

பெரியம்மா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டார். 145 லாரி மண் தன்னிடம் இருக்கிறது என்று அவர் அதுவரை நினைத்ததே இல்லை. பட்டாவில் நீளமும் அகலமும் சேர்ந்த பரப்பு இருக்கிறது. ஆழம் எங்கேயும் எழுதியிருப்பதில்லை. "நெலம் உங்களுது, மண்ண மட்டும்தான் கேக்குறேன்" என்று தரகரால் கூசாமல் சொல்ல முடிந்தது அதனால்தானோ என்னவோ. ஆனால் மண்ணை எடுத்துவிட்ட நிலம் என்பது என்ன? வெந்ததை வழித்து எடுத்த பிறகு மிஞ்சுகிற பானையா?

மண் என்றால் பொடிந்த கல் என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்த ஞாபகம் பலருக்கும் இருக்கும். அதில் பாதிதான் உண்மை. நல்ல நிலத்து மண்ணைக் கையளவு எடுத்துக்கொண்டால், அதில் ஏறக்குறைய பாதி காலி இடம். அந்த இடத்தைத் தண்ணீரும் காற்றும் பங்கு போட்டுக்கொண்டிருக்கும். மீதிப் பாதியில் பெரும்பகுதி பாறைத்துகள். மிச்சம் கொஞ்சமே கொஞ்சம் மக்கிய இலை, வேர், சாணம், செத்த பூச்சி. பாடப்புத்தகங்கள் இந்த மக்குக்கு 5 சதவீதம் வரை தருகின்றன. நம் ஊர் வெயிலில் பல வயல்களில் அது ஒரு சதவீதம்கூட இல்லை. ஆனால் துகள்களைச் சேர்த்துப் பிடித்து, உள்ளே காற்றும் ஈரமும் நடமாட வழி வைத்திருப்பது அந்தக் கொஞ்சம்தான்.

மண் வெறும் பாறைப்பொடி இல்லை, அது தனியான ஓர் இயற்கைப் பொருள் என்று 1883-லேயே ரஷ்ய அறிஞர் தோகுச்சாயெவ் எழுதினார். அடியில் இருக்கும் பாறை, மேலே இருக்கும் பருவநிலை, அதில் வாழும் உயிர்கள், நிலத்தின் மேடு பள்ளம், இவற்றோடு காலம். இவை எல்லாம் கூடித்தான் மண் உண்டாகிறது என்றார். இதில் மற்ற நான்கையும் மனிதன் ஏதோ ஒரு வகையில் சரிக்கட்டிவிடலாம். காலத்தை மட்டும் எந்த டிப்பரிலும் கொண்டுவந்து கொட்ட முடியாது. ஓர் அங்குல மேல்மண் உருவாக நூற்றுக்கணக்கான ஆண்டுகள், சில இடங்களில் ஆயிரம் ஆண்டுகள்கூட ஆகும் என்கிறது ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு.

ஆனால் திருவேட்டக்குடியின் கதை கொஞ்சம் வேறு. இந்த மண் இங்கே பிறந்தது இல்லை, வந்து சேர்ந்தது.

குடகு மலையில் தலைக்காவிரியில் புறப்படுகிற ஆறு, சுமார் 800 கிலோமீட்டர் நடந்து வங்கக் கடலுக்கு வருகிறது. வழியில் மைசூர்ப் பீடபூமியின் பழைய பாறைகளை மழையும் வெயிலும் உடைக்கின்றன. பாறைக்குள் இருக்கும் சில கனிமங்கள் மழைநீரோடு வினைபுரிந்து வழுவழுப்பான களியாக மாறுகின்றன. ஆறு எல்லாவற்றையும் சுமந்து வருகிறது. வேகம் இருக்கும் வரை பருமணலையும் உருட்டிக்கொண்டு வரும். வேகம் குறையக் குறைய கனமானதை முதலில் போட்டுவிடும். திருச்சிப் பக்கம் ஆற்றில் மணலாகக் கிடப்பது அதனால்தான். கடைசி வரை கூட வருவது, ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்குகூட இல்லாத களித்துகள். வெள்ளம் கரை தாண்டி வயலில் ஏறி, அசையாமல் நிற்கும்போதுதான் அது மெல்லப் படியும். கடைமடைக்குத் தண்ணீர்தான் எப்போதும் கடைசியில் வரும் என்று புலம்புகிறோம். மண்ணைப் பொறுத்தவரை மிக மெல்லிய சலிப்பு கடைமடைக்குத்தான் கிடைத்திருக்கிறது. சூளைக்காரர் கையில் வைத்து மெச்சியது அந்தச் சலிப்பைத்தான்.

அந்த வரத்து இப்போது கிட்டத்தட்ட நின்றுவிட்டது. மேட்டூர் அணை 1934-ல் திறக்கப்பட்டது. அதற்கும் மேலே கிருஷ்ணராஜ சாகர் இருக்கிறது. அணைக்குள் நுழைந்ததும் ஆறு நின்றுவிடுகிறது, நின்ற தண்ணீர் சுமையை அங்கேயே இறக்கிவிடுகிறது. தெளிந்த தண்ணீர்தான் மதகு வழியாகக் கீழே வருகிறது. அணைகளால் நமக்குக் கிடைத்த நெல்லை யாரும் மறுக்கவில்லை. ஆனால் பழைய வெள்ளங்கள் போட்டுவிட்டுப் போன வண்டல் மறுபடி வராது. பெரியம்மாவின் மூன்று அடி, ஆற்றின் கணக்கில் முடிந்துபோன வரவு.

கடல் வந்து போன வயல்

இந்தக் கணக்கெல்லாம் பெரியம்மாவுக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்த கணக்கு வேறு. அது 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலையில் தொடங்குகிறது.

காரைக்கால் கரையில் சுனாமி நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோனது. அந்த இழப்புக்கு முன்னால் வயலைப் பற்றி அன்றைக்கு யாரும் வாய் திறக்கவில்லை, திறக்கவும் கூடாது. மீனவத் தெருக்களில் அழுகை ஓய்வதற்கு மாதங்கள் ஆயின. அதற்குப் பிறகுதான் பெரியம்மாவின் கணவர் நிலத்துப் பக்கம் போனார். வாய்க்கால் வழியாக ஏறி வந்த கடல்நீர் வயலில் நின்றிருந்தது. பால் பிடித்துக் கதிர் தலைசாய்கிற சமயம். நாலே நாளில் பயிர் நெருப்புப் பட்டதுபோலக் கருகிவிட்டது.

மாங்காய்த் துண்டில் உப்பைத் தூவி வைத்தால் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் விட்டுக்கொள்ளும் அல்லவா? வேருக்கும் அதேதான் நடக்கிறது. வெளியே உப்பு கூடினால் வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. காலடியில் தண்ணீர் நிற்க, பயிர் தாகத்தில் சாகும்.

உப்பு பயிரோடு நிற்பதில்லை. களித்துகளின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் இருக்கிறது. அதனால் சுண்ணாம்பு, மக்னீசியம், சாம்பல் சத்து எல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு, வேர் கேட்கும்போது கிடைக்கின்றன. மண் ஒரு பண்டகசாலை என்பது இந்த ஒட்டுதலால்தான். கடல்நீர் வந்தால் அந்த இடங்களை எல்லாம் சோடியம் பிடித்துக்கொள்கிறது. சோடியம் ஒட்டிய களித்துகள்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிவிடும். நனைந்தால் பசை, காய்ந்தால் கல். காற்றும் தண்ணீரும் உள்ளே போகிற வழிகள் அடைபட்டுவிடும். இப்படிக் கெட்ட நிலத்தைத்தான் நம் ஆட்கள் களர் என்றார்கள். வெறும் உப்புப் பூத்த நிலம் உவர். இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வைத்திருந்தார்கள் என்றால், இரண்டோடும் எவ்வளவு காலம் மல்லுக்கட்டியிருப்பார்கள்!

அந்த மாசியில் வயலில் வெள்ளை பூத்தது. பெரியம்மா ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். "இனிமே இது வயல் இல்லடி, உப்பளம்" என்று கணவர் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாராம்.

பிறகு செய்ததெல்லாம் கைவேலை. கடல் கொண்டுவந்து போட்ட சேற்றைச் சுரண்டி வெளியே கொட்டினார்கள். வரப்பை உயர்த்தினார்கள். ஜிப்சம் போடச் சொன்னார்கள், போட்டார்கள். அதில் இருக்கும் கால்சியம் சோடியத்தைத் தள்ளிவிட்டு அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தள்ளப்பட்ட சோடியத்தைக் கழுவி வெளியேற்ற நல்ல தண்ணீர் வேண்டும். கடைமடையில் அதற்கு எங்கே போவது? வானத்தைப் பார்த்தார்கள்.

2005 வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்த்தது. ஊர் ஊராக வெள்ளம். எல்லோரும் மழையைத் திட்டிக்கொண்டிருந்தபோது, நாகை, காரைக்கால் கடலோர வயல்களில் தேங்கியிருந்த உப்பை அந்த மழை கழுவிக்கொண்டு போனது. இனி பல வருஷம் ஆகும் என்று நினைத்திருந்த நிலங்களில் பல, சீக்கிரமே பயிருக்கு வந்தன. பெரியம்மாவின் ஒரு மாவில் முதல் தடவை பாதி பதர்தான். அடுத்த கோடையில் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் முன்னே மடக்கி உழுதார்கள். அதற்கடுத்த சம்பா வீட்டுக்கு வந்தது.

ஆகவே "மண்ணுதானே" என்று மகன் சொன்னபோது பெரியம்மாவுக்கு ஞாபகம் வந்தது சுரண்டிய சேறும், கணவரின் வெடித்த பாதங்களும்தான். மகன் அப்போது சென்னையில் வேலை தேடிக்கொண்டிருந்தான். அவன் பார்க்கவில்லை.

ஊசி மருந்தும் முதல் மழையும்

பெரியம்மாவின் அப்பாவுக்கு 1970-களில் காசநோய் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய் மாதக்கணக்கில் ஊசி போட்டுக்கொண்டார், பிழைத்தார். அந்தக் காலத்தில் காசநோய்க்குப் போட்ட ஊசி ஸ்ட்ரெப்டோமைசின். 1943-ல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வுக்கூடத்தில், ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற மாணவர் கண்டுபிடித்தது. எதிலிருந்து தெரியுமா? மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற நுண்ணுயிரிலிருந்து. மண்ணுக்குள் இடத்துக்கும் சாப்பாட்டுக்கும் நடக்கிற சண்டையில் அது பக்கத்து நுண்ணுயிர்களின் மேல் விடுகிற விஷம், நமக்கு மருந்தானது. 1952-ல் வாக்ஸ்மனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஷாட்ஸுக்குக் கிடைக்கவில்லை, அது ஒரு தனி வருத்தம்.

இதே ஸ்ட்ரெப்டோமைசிஸ் குடும்பத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. கோடை முடிந்து முதல் மழை விழும்போது வருமே ஒரு வாசனை, அதில் முக்கியப் பங்கு ஜியோஸ்மின் என்ற பொருளுக்கு. அதை உண்டாக்குவதும் இந்த நுண்ணுயிர்கள்தான். தண்ணீர்த் துளி காய்ந்த மண்ணில் மோதித் தெறிக்கும்போது அது காற்றில் ஏறுகிறது. மனித மூக்கு அதைத் துளியிலும் துளி அளவில் கண்டுபிடித்துவிடும். ஒரு தேக்கரண்டி நல்ல மண்ணில் உலகின் மக்கள்தொகையைவிட அதிகமான நுண்ணுயிர்கள் இருக்கலாம் என்று சொல்வார்கள். எண்ணிக்கையைக் கேட்டால் நம்பக் கஷ்டமாக இருக்கும், மழை வாசனையை முகர்ந்தால் நம்பிவிடலாம்.

பெரும்பாலான நுண்ணுயிர்கள் இருப்பது மேலே, வேரும் சருகும் காற்றும் இருக்கிற சில அங்குலத்தில்தான். மூன்று அடியை வழித்தெடுத்தால் முதலில் லாரி ஏறுவது அவைதான். சூளையில் அவை செங்கல்லாக வேகும். இருக்கட்டும், வீடு கட்டவும் செங்கல் வேண்டுமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பெரியம்மாவின் ஓட்டு வீட்டுச் சுவரும் யாரோ ஒருவருடைய நிலத்து மண்தான்.

பெரியம்மாவின் வயலில் சம்பாவுக்கும் உளுந்துக்கும் இடையே நடப்பதைப் பார்த்தால் மண் சும்மா இருப்பதே இல்லை என்பது புரியும். தண்ணீர் கட்டிய சில நாட்களில் சேற்றுக்குள் இருக்கும் காற்று தீர்ந்துவிடுகிறது. காற்று வேண்டாத நுண்ணுயிர்கள் எழுந்து வேலையைத் தொடங்கும். செம்பழுப்பாக இருந்த மண் சாம்பல் நீலமாகும். அப்போது ஒரு நெற்பயிரைப் பிடுங்கிப் பாருங்கள், வேரைச் சுற்றி மட்டும் துருப் பிடித்ததுபோல் செம்மை இருக்கும். நெல் தன் தண்டுக்குள் இருக்கும் குழாய்கள் வழியாகக் காற்றைக் கீழே இறக்கி வேருக்கு அனுப்புகிறது. அந்தக் காற்று கசிந்து சேற்றிலிருக்கும் இரும்பைத் துருவாக்குகிறது.

தை பிறந்து அறுவடைக்குப் பத்து நாள் இருக்கும்போது, நிற்கிற கதிருக்குள்ளேயே உளுந்தைத் தூவிவிடுவார்கள். உழவு கிடையாது, எரு கிடையாது, தண்ணீர் கிடையாது. களி பிடித்துவைத்திருக்கும் ஈரத்திலும் பனியிலும் உளுந்து வந்துவிடும். அதன் வேர் முடிச்சுகளில் குடியிருக்கும் ரைசோபியம், காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தரும். மணல் நிலத்தில் இந்தக் காரியம் நடக்காது. கடைமடைக் களியின் கொடை இது. பிறகு கோடையில் நிலம் வெடிக்கும். அது பாழ் இல்லை. வெடிப்புக்குள் சருகும் பொடியும் விழுந்து, மேல்மண் தானாகவே அடிக்குப் போய்க் கலக்கிறது. முதல் மழை அந்த வெடிப்பு வழியாகத்தான் ஆழம் வரை இறங்கும். காய்ந்த மண்ணில் ஈரம் பட்டதும் நுண்ணுயிர்கள் திடீரென்று பெருகி, மக்கில் இருக்கும் தழைச்சத்தை விடுவிக்கும். ஒரு பலம் புழுதி கால் பலமாகிற அளவுக்குக் காயவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டாம் என்று திருக்குறள் உழவு அதிகாரத்தில் சொல்லியிருப்பதில் இந்த விஷயமும் இருக்கிறது.

உழவர் உதவியகத்தில்

மகனுக்கு மனசு ஆறவில்லை. அம்மா "வேண்டாம்" என்று சொல்லிவிட்டால்கூடப் பரவாயில்லை, ஒன்றுமே சொல்லாமல் இருக்கிறாரே என்பதுதான் அவனுக்குக் கஷ்டம். ஒரு நாள் கடைக்குப் போகிற வழியில் உழவர் உதவியகத்தில் இறங்கி, "மூணு அடி எடுத்தா நெல்லு வருமா சார்?" என்று நேராகவே கேட்டான். அங்கிருந்தவர் அவனுக்கு ஒரே ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்டார். "உங்க வயல்லேர்ந்து கடல் எவ்வளவு தூரம்?"

அந்த ஒரு கேள்வியில் பாதி புரிந்துவிட்டது. கடலோர டெல்டாவில் ஆழம் போகப் போக உவர்நீர் நெருங்குகிறது. மேலே கனமான மண் இருக்கும் வரை அது அடியில் கிடக்கும். மூன்று அடியை எடுத்துவிட்டால் நிலத்தின் முகம் உவர்நீருக்கு மூன்று அடி கிட்டே போய்விடுகிறது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, மண்ணின் நுண்துளைகள் வழியாகத் தண்ணீர் கோடையில் மேலே ஏறும். தண்ணீர் ஆவியாகும், உப்பு தங்கிவிடும். சுனாமி ஒரே நாளில் செய்ததைத் திரி வருஷக்கணக்கில் செய்யும். மழை பெய்தாலும், பள்ளத்தில் விழுந்த தண்ணீர் உப்பைக் கழுவிக்கொண்டு வெளியே போக வடிகால் வேண்டும். சுற்றிலும் மேடாக இருக்கும்போது எங்கே வடியும்?

"எதுக்கும் மண்ண எடுத்துட்டு வாங்க, பாத்துடலாம்" என்றும் அவர் சொன்னார். எடுக்கும் விதத்தையும் சொல்லிக்கொடுத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பேத்தியும் அவள் அப்பாவும் மண்வெட்டியோடு வயலில் இறங்கினார்கள். வரப்போரம் வேண்டாம், மர நிழல் வேண்டாம், எருக் கொட்டிய இடம் வேண்டாம். வளைந்து வளைந்து நடந்து பத்துப் பன்னிரண்டு இடங்களில் 'வி' வடிவத்தில் வெட்டி, அரை அடி ஆழம் வரை ஓரத்திலிருந்து ஒரே கனத்தில் சீவி எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் தார்ப்பாயில் கொட்டி, கலந்து, வட்டமாகப் பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கை வைத்துக்கொண்டு மற்ற இரண்டைத் தள்ளிவிட வேண்டும். அரைக் கிலோ மிஞ்சும் வரை இப்படியே. சித்திரைக் களியை வெட்டுவது கல்லை வெட்டுவது மாதிரி. மகனின் உள்ளங்கையில் கொப்புளம் வந்துவிட்டது. பெரியம்மா வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் பேசினார். "ஒங்கப்பாவுக்கும் இதே எடத்துலதான் கொப்புளம் வந்துச்சு."

மகன் எதுவும் சொல்லாமல் மண்வெட்டியை மாற்றிப் பிடித்துக்கொண்டான்.

மண்வள அட்டை வர நாளாயிற்று. மத்திய அரசு 2015-ல் கொண்டுவந்த திட்டம் இது. கார, அமிலநிலை, உப்பின் அளவு, அங்ககக் கரிமம், தழை, மணி, சாம்பல் சத்துகள், கந்தகம், துத்தநாகம், இரும்பு என்று மொத்தம் 12 விவரங்கள் அதில் இருக்கும். உண்மையைச் சொன்னால் பல வீடுகளில் இந்த அட்டை மின்சார பில்லோடு சேர்ந்து ஆணியில் தொங்கும். பெரியம்மா வீட்டில் அதை வாசித்தார்கள். அங்ககக் கரிமம் குறைவு, துத்தநாகமும் குறைவு. பெரியம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"உப்பு?"

"இயல்புன்னு போட்டுருக்கு, ஆயா."

பெரியம்மா அட்டையை வாங்கி, எழுத்துக் கூட்டி அந்த ஒரு சொல்லை மட்டும் தானும் ஒரு தடவை படித்தார்.

மறுநாள் பீரோவைத் திறந்து, கல்யாணத்துக்குப் போட்ட இரட்டைவடச் சங்கிலியை எடுத்து மகன் கையில் கொடுத்தார். "பேங்க்ல வை. மீட்டா மீட்டுக்கோ, முடியலன்னா போவட்டும். இது போனா வேற வாங்கலாம்." மருமகள் வேண்டாம் வேண்டாம் என்று தன் வளையலைக் கழற்றினாள். கடைசியில் இரண்டும் போயின. வட்டி இப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. பேத்தி நர்சிங் சேர்ந்துவிட்டாள். ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் அந்த வீட்டில் கொஞ்சம் இறுக்கம் இருக்கத்தான் செய்கிறது.

தரகர் அதற்காகக் கோபித்துக்கொள்ளவில்லை. "பரவால்ல பெரியம்மா" என்று சொல்லிவிட்டுப் பக்கத்து வயலுக்குப் போனார். அந்த நிலத்துக்காரர்கள் வெளியூரில் இருக்கிறார்கள், பயிர் வைத்து நாலைந்து வருஷமாகிறது. வைகாசியில் பொக்லைன் வந்தது. ஒரு வாரம் டிப்பர்கள் புழுதி கிளப்பிக்கொண்டு போயின, வந்தன. அவை போன பிறகு அங்கே ஒரு பெரிய சதுரப் பள்ளம் இருந்தது. ஓரத்தில் மண் வெட்டுமுகமாகத் தெரிந்தது. மேலே கறுத்த களி, அதில் தொங்கும் வேர்கள், கீழே வெளிறிக்கொண்டே போகிற அடிமண். பேத்தி லீவில் வந்தபோது அதைப் போனில் படம் எடுத்து ஹாஸ்டல் தோழிகளுக்கு அனுப்பினாள். யாரோ ஒருத்தி 'கேக் மாதிரி இருக்கு' என்று பதில் போட்டிருந்தாள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. பெரியம்மாவின் வயலில் நடவு முடிந்து பன்னிரண்டு நாள். இரவு பெய்த தண்ணீர் காலையில் வயலில் இல்லை. எல்லாம் வரப்புக்கு அடியில் நண்டு வளைகளைத் தேடிப் பிடித்து, பக்கத்துப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. வரப்பு ஒரு இடத்தில் சரிந்து, இரண்டு முழ நீளத்துக்கு வயல் மண்ணே பள்ளத்துக்குள் வழிந்திருந்தது. அதோடு நான்கு வரிசை நாற்றும்.

மகன் கடைக்கு லீவு சொல்லிவிட்டு வந்தான். மருமகள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். பனை மட்டையையும் மூங்கிலையும் நட்டு, அதன் பின்னால் சேற்றை அப்பி அப்பி வரப்பைத் தூக்க வேண்டியிருந்தது. சேற்றுக்கு எங்கே போவது? தங்கள் வயலிலிருந்து எடுக்கப் பெரியம்மா விடவில்லை.

"பள்ளத்துல எறங்கி எடுங்க" என்றார். "நம்ம மண்ணுதான் அங்க கெடக்கு."

மகன் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, காலால் துழாவி, சரிந்த மண்ணைக் கூடையில் அள்ளித் தூக்கிக் கொடுத்தான். மருமகள் வாங்கி வரப்பில் கொட்டினாள். பெரியம்மா உட்கார்ந்தபடியே அதைக் கையால் தட்டித் தட்டிப் பதித்துக்கொண்டிருந்தார். மழை மறுபடி தூற ஆரம்பித்தது.

"இன்னும் எத்தனை கூடைம்மா?" என்றான் மகன்.

"எண்ணிக்கிட்டா இருக்கேன்? அள்ளுடா."